ஓடுறதா, படுத்துக் கெடக்குறதா?

…படுத்துக் கெடக்குற மனுசன் ஒழுங்காப் படுத்துக் கெடந்தா, நான் ஏங்க டிரெஸரய்யா இந்த வெயில்ல ஆஸ்பத்திரிக்கு ஓடி வரப் போறேன்? படுக்கவும் மாட்டேங்குறாரு, ஓடவும் மாட்டேங்குறாரு. ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு என் உசிர எடுக்குறாரு! இல்லீங்க, நாக்கெல்லாம் நீட்ட வேணாம். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் கல்லாட்டம் இருக்கேன். எங்க வூட்டுக்காரருக்குத்தான். காலு. எடது காலு. மொழங்கால்ல புடிச்சு இடுப்பு வரைக்கும் சுள்ளு சுள்ளுங்குதாம்.

பேரா? அவரு பேர நான் எப்பிடிங்க சொல்றது? அந்தச் செக்ரோல் புஸ்தகத்துல பாருங்க, நாப்பத்தொண்ணாம் நம்பரு. ஆங்… நீங்களே படிச்சிட்டீங்க. அதேதான், ஐயாசா… அய்யய்யோ, பாத்தீங்களா, நானே சொல்லப் பாத்தேன்! என் பேரு அங்கம்மா. அத எத்தன தடவ வேணும்னாலும் எழுதிக்கிங்க.

எனக்கு ஒரே ஒரு வார்த்தைதாங்க வேணும். ஓடச் சொல்றதா, படுக்கச் சொல்றதா? அதச் சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன். சொல்லுங்க. இருங்க, இருங்க, முழுசாக் கேக்காம சொல்லிடாதீங்க! முன்னாடி இருந்த டிரெஸரு அப்படித்தான். வாயத் தொறக்கறதுக்குள்ள வெளக்கெண்ண. தல வலிச்சாலும் வெளக்கெண்ண, பல்லு வலிச்சாலும் வெளக்கெண்ண. நீங்க வந்து ஒரு வாரந்தான் ஆச்சு, உங்களுக்கு இந்தத் தோட்டத்து சமாச்சாரம் ஒண்ணும் தெரியாதுல்ல? அதான் சொல்லிட்டு இருக்கேன்.

வர ஞாயித்துக்கெழம பெக்கோக் பாடாங்கு மைதானத்துல ஸ்போர்ட்சு. நாலு தோட்டத்து ஆளுங்களும் வராங்க. கயிறு இழுக்குறது, சாக்குல குதிக்கிறதெல்லாம் இருக்கு, அத விடுங்க. ஒரு மைலு ஓட்டம், அதுதான் விசயம். நம்ம தப்பால்காரரு சபாபதி அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறாரு. தபால் பைய அடுத்து யாரு தூக்குறதுன்னு கேட்டதுக்குத் தொர என்ன சொன்னாரு தெரியுங்களா? "நம்ம தோட்டத்து ஆளுல மைலு ஓட்டத்துல எவன் முன்னால வரானோ, அவனுக்குத்தான் பை"ன்னுட்டாரு. தெனம் பெக்கோக் போஸ்டாபீசுக்கு நடக்கணும், திரும்பி வரணும். அவ்வளவுதான் வேல. காலங்காத்தால பேரு கூப்புட பிரட்டுக்களத்துக்கு ஓட வேணாம். மழ பேஞ்சா ரப்பரு மரத்தடியில நடுங்க வேணாம். அதெல்லாங்கூட எனக்குப் பெருசில்லீங்க. அந்த ரூம்பு! ஆபீசுக்குப் பின்னால, தப்பால்காரருக்குன்னு தனியா ஒரு ரூம்பு. சிமிட்டித் தர, சொந்தமா ஒரு சன்னலு. நாங்க ஏழு வருசமா லயத்துல ஒத்த ரூம்புல கெடக்குறோம். பக்கத்து ரூம்பு புஷ்பவள்ளி தும்முனா எங்க வெளக்கு அணையுதுங்க! பலகச் செவுரு, மேல தொறப்பு. நான் கொழம்புக்கு உப்புப் போட மறந்தா அந்தப் பக்கத்துலேர்ந்து அவ ஞாபகப்படுத்துறா.

ஆமா, காலு. காலுக்குத்தான் வரேன்.

போட்டிக்கு நம்ம தோட்டத்துல ரெண்டே பேருதான். ஒண்ணு இவரு. இன்னொண்ணு ஸ்டோருல ரப்பரு சீட்டு மெசினு சுத்துற காளியப்பன். போன வருசம் இவரு அவனுக்கு ஒரு கையகலம் பின்னால வந்தாரு. ஒரே கையகலம்! இந்த வருசம் சித்திரையிலேயே பழக ஆரம்பிச்சிட்டாரு. சாயங்காலமானா சீட்டுக்குப் பொக போடுற பொகக்கூண்டச் சுத்தி, ஸ்டோரச் சுத்தி, ஆபீசு ரோட்டோட வந்து, இந்த ஆஸ்பத்திரி வாசல் வழியா ஒரு சுத்து. அப்பிடி நாலு சுத்து. நல்லா ஓடிக்கிட்டிருந்த மனுசன், ஒரு மாசத்துக்கு முன்னால ஒரு நாளு நொண்டிக்கிட்டே வராரு. "என்னா?"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னாரு. அவரு ஒண்ணுமில்லன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

கங்காணி கனகராஜ் இருக்காரே, அவருகிட்டக் கேட்டா, "வலியத் திருப்பி அடிக்கணும்டா, இன்னும் ரெண்டு சுத்து சேத்து ஓடு"ங்கறாரு. அவரு பொறந்ததுலேர்ந்து ஓடி நான் பாத்ததில்ல. சரின்னு இவரு ஆறு சுத்து ஓடுனாரு. மறுநா சட்டியத் தூக்க முடியல. சட்டிய ஏன் கால்ல தூக்கணும்னு கேக்காதீங்க, வலி வந்தா அவருக்கு எல்லாமே வலிக்கும். அப்பறம் பக்கத்து மலாய்க்காரங்க கம்பத்துல மாக் சூன்னு ஒரு மலாய்க்காரம்மா, காலு புடிச்சு விடுறவங்க, அங்க கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா காலத் தொட்டதும், நாம அய்யோங்குற மாதிரி, "அலமாக்!"னாங்க. அதுக்கே இவருக்கு முகம் வெளுத்துப் போச்சு. எண்ண போட்டு உருவிட்டு, ஏழு நாளு ஓடக்கூடாதுன்னுட்டாங்க. செகாமட்டுல சின்சே ஒருத்தரு, சீன வைத்தியரு, கறுப்பா ஒரு பத்து போட்டு, ஓடவும் வேணாம், படுக்கவும் வேணாம், மெதுவா நடன்னாரு. மெதுவா நடந்தா தபால் பை கெடைக்குமாங்க? நீங்களே சொல்லுங்க.

நான்தான் சொன்னேன், அந்த மலாய்க்காரம்மா சொன்ன மாதிரி ஏழு நாளு படுங்கன்னு. மரம் வெட்டிப் பாலெடுக்கப் போங்க, வந்து படுத்துருங்க, ஓட வேணாம்னேன். சொன்ன வாய ஒடைக்கணும்! படுத்திருக்குற ஆம்பளையோட ஒத்த ரூம்புல இருந்து பாத்திருக்கீங்களா? நான் அரிசி களையுறத எண்ணுறாரு. "மூணு தண்ணியா? நேத்து ரெண்டுதான ஊத்துன?" கோழிக்குக் கயித்தக் கட்டி, "தூக்கி வை, மொழங்கால மேல தூக்கி வை"ன்னு அதுக்கு ஓட்டம் சொல்லிக் குடுக்குறாரு. அது அன்னிக்கிலேர்ந்து முட்ட போடல. சாயங்காலமானா காளியப்பன் வாசல் வழியா ஓடுற சத்தம் கேக்கும். இவரு கண்ண மூடிக்கிட்டு, "அவன் மூச்சு வாங்குறான், கேளு, கேளு"ம்பாரு. அந்தப் பக்கத்துலேர்ந்து புஷ்பவள்ளி, "அண்ணே, அது எம் மூச்சு, நான் மாவு இடிக்கிறேன்"ங்கறா. அஞ்சாம் நாளு நானே சொல்லிட்டேன், "எந்திரிச்சு ஓடித் தொலைங்க"ன்னு. ஓடுனாரு. வலி திரும்பி வந்துருச்சு. "உன் பேச்சக் கேட்டு ஓடுனேன்"ங்கறாரு. படுன்னு சொன்னதும் நான்தான், அத மறந்துட்டாரு!

இன்னிக்கு என்னா, பொதங்கெழம. எண்ணுனா நாலே நாளு. ஓடாமப் போனா காலு மரத்துப் போயிரும், ஓடுனா ஒடஞ்சு போயிரும். ரெண்டுல எதுன்னாலும் அந்தச் சன்னலு எனக்கில்ல. அதுக்குத்தாங்க ஒரு வார்த்த கேக்குறேன்…

என்னாங்க? மரம் வெட்டுறப்பவா? இல்லீங்க, அப்ப வலிக்கல. அதுதான் வேடிக்க. முன்னூறு மரம் சுத்துறாரு, மேட்டுல ஏறுறாரு, ரெண்டு வாளி பாலு தூக்கிட்டு எறங்குறாரு. ஒரு முனகலு கெடையாது. சாயங்காலம் சப்பாத்தக் கால்ல மாட்டிக்கிட்டு ஒண்ணர சுத்து ஓடுனாருன்னா, ஆரம்பிச்சிடுது. கங்காணி சொல்றாரு, "எல்லாருக்கும் வேல செய்யத்தான் சோம்பேறித்தனம், உம் புருசனுக்கு ஓடச் சோம்பேறித்தனம்"னு. பேச்சப் பாருங்க!

ஆமாங்க, மரம் வெட்டப் போறப்ப வெறுங்காலுதான். அட்ட கடிக்கிற காட்டுல சப்பாத்துப் போட்டுக்கிட்டு யாரு போவா? சப்பாத்து ஓட்டத்துக்கு மட்டுந்தான். காளியப்பன் சிங்கப்பூருலேர்ந்து வெள்ளச் சப்பாத்து வாங்கியாந்தான். அதப் பாத்ததுலேர்ந்து இவருக்கும் சப்பாத்து இல்லாம ஓட்டம் வராதுன்னு ஆயிப்போச்சு. சின்னத் தொர பந்தாடிட்டுத் தூக்கிப் போட்ட கித்தான் சப்பாத்த, அவரு குசினிக்காரருகிட்டக் கேட்டு வாங்கி வச்சிருக்காரு. அத ஞாயித்துக்கெழமைக்குன்னு தலமாட்டுல வச்சுத் தூங்குறாருங்க.

இப்ப எங்க இருக்கா? இந்தா, என் கூடையிலதான் இருக்கு. துணிக்கு அடியில. ஒளிச்சு எடுத்தாந்துட்டேன்! சாப்புட்டுக் கண்ணசந்தாரு, தலமாட்டுலேர்ந்து மெதுவா உருவிட்டேன். நான் உங்ககிட்டக் கேட்டுட்டு வரதுக்குள்ள எந்திரிச்சு ஓடிரப் போறாரேன்னுதான். எடுத்துப் பாருங்க, பாருங்க. காலு வேணாம், சப்பாத்துப் போதுமா உங்களுக்கு? சிங்கப்பூருல படிச்ச வைத்தியம் போல.

மேச மேல வைக்காதீங்க, மண்ணு இருக்கும்… சரி, வைங்க. ஏன் அப்பிடிக் குனிஞ்சு பாக்குறீங்க? எடதுக்கு அடியில இருக்குறதா? அது நான் போட்டதுதாங்க. வாங்குனப்பவே எடது சப்பாத்துல இம்மாத்தூண்டு ஓட்ட. நான் ஸ்டோருல ரப்பரு சீட்டு ஒணத்துறவ. பாலு ஊத்துனப்பறம் வாளி அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும்ல? அதத் தொட்டு ஒரு பூச்சுப் பூசுனேன். அத எழுதாதீங்க, டிரெஸரய்யா! தோட்டத்துப் பாலு, தொரைக்குத் தெரிஞ்சா வம்பு. எழுதலையா? சரி.

அன்னிக்கு ஓடிட்டு வந்து, "என்னமோ தெரியல, எடது காலு தானா எழும்புது, ஸ்ப்ரிங்கு வச்ச மாதிரி"ன்னாரு. எனக்குக் குளுந்து போச்சு. அவருகிட்டச் சொல்லல. சொன்னா ஸ்டோருக்காரனுக்குப் பயந்துக்கிட்டுக் கழட்டிருவாரு. மறுநா இன்னொரு பூச்சு. தெனம் ஒரு பூச்சு, முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே. எடதுக்கு மட்டுந்தாங்க, அதுல தான ஓட்ட? வலதுக்கு எதுக்கு வீணாப் பூசணும்? ஒரு பூச்சு என்னாங்க, காகிதக் கனந்தான். ரெண்டு மாசமா… அப்பறம் காலு வலின்னாரா, பாவம், மெத்துன்னு இருக்கட்டுமேன்னு அதுக்கப்பறம் நாளைக்கு ரெண்டு பூச்சா…

ஏங்க சிரிக்கிறீங்க?

வலதா? பக்கத்துல வச்சா… அட. இதென்னா இது, எடது இவ்வளவு ஒசந்து நிக்குது? விரல வைங்க. ஒரு வெரக்கட! மேச கோணலா இருக்கும்ங்க. இல்லியா… நேராத்தான் இருக்கா…

அய்யோ.

அப்பன்னா மனுசன் இத்தன நாளா ஒரு காலு மேட்டுலயும் ஒரு காலு பள்ளத்துலயும் வச்சா ஓடிக்கிட்டிருந்தாரு? ஓடுனாலும் வலி, படுத்தாலும் ஆறலன்னு நான் அந்த மாக் சூவத் திட்டுனேனே! சின்சேயத் திட்டுனேன், கங்காணியத் திட்டுனேன், அந்தக் கோழியத் திட்டுனேன்… வலி கூடக் கூட நான் பூசிக்கிட்டே இருந்திருக்கேனே, டிரெஸரய்யா! நல்லதுன்னு நெனச்சு ரெண்டு கையாலயும் பூசுனேனே! இத நான் எந்த மூஞ்சிய வச்சு அவருகிட்டச் சொல்லுவேன்? சபாபதி ரூம்பு போனாப் போகுது, இருக்குற ரூம்புலயே என்ன வுட மாட்டாரு. பலகச் செவுரு வேற. நான் இங்க மெதுவாச் சொன்னா, புஷ்பவள்ளி அங்க லயம் பூராச் சொல்லிருவா!

உரிச்சிறலாமா? எங்க, புடிங்க… வரலீங்க. இழுங்க… ஊகூம், கித்தானோட வருது. நம்ம தோட்டத்துப் பாலு, லேசுல வுடாது. அப்பிடியே வந்தாலும், எங்க ஸ்ப்ரிங்குன்னு கேப்பாரு.

யாருங்க அது ரோட்டுல, புழுதியக் கெளப்பிக்கிட்டு… எங்க வூட்டுக்காரரு! எந்திரிச்சிட்டாரு, சப்பாத்தக் காணோம்னு என்னத் தேடித்தான் ஓடி வராரு. வாயில என்னமோ வருது, நல்ல வேள, கேக்கல. ஓடாதீங்க, காலு, காலு… இருங்க. டிரெஸரய்யா, கொஞ்சம் சன்னல்ட்ட வாங்களேன். வெறுங்காலுங்க! நொண்டல! எங்கயும் சாயல! அந்தா, மாட்டு வண்டியத் தாண்டிட்டாரு. ஏ யப்பா, காளியப்பனெல்லாம் எந்த மூலைக்கு…

கூப்புடாதீங்க! கையத் தட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! போகட்டும். சப்பாத்தக் கண்ணுல காட்டுனா மாட்டிக்குவாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா, எனக்கு மட்டுஞ் சொல்லுங்க, வெறுங்காலோட ஓடலாந்தான? மெதுவா ஆரம்பிக்கணுமா? அதெல்லாம் இப்பச் சொல்லி… அவரு எங்கங்க மெதுவா ஓடுறாரு. சரி, இன்னிக்கு ரெண்டே சுத்து, நாளைக்கு ரெண்டு, வெள்ளிக்கெழம ரெண்டு, சனிக்கெழம சும்மா. சரிங்க. எண்ணிக்கிறேன்.

இந்த ரெண்டையும் உங்க மருந்து அலமாரியில வச்சுப் பூட்டிருங்க, ஞாயித்துக்கெழம ஓட்டம் முடியுற வரைக்கும். வந்து கேட்டாருன்னா, அங்கம்மா இங்க வரவே இல்லன்னு சொல்லுங்க. பொய்யில்லீங்க, மருந்து. பின்பக்கம் வழி இருக்குல்ல? நான் குறுக்க எறங்கி, ஸ்டோருக்கு அந்தப் பக்கம் போயி ஒரே ஒரு தடவ தலையக் காட்டிட்டு ஒளிஞ்சுக்கிறேன்.

அப்பத்தாங்க ரெண்டாவது சுத்து ஓடுவாரு.