சிட்டுக்குப் பிடித்த உமி உருண்டை

டாக்டர், எங்கள் வீட்டில் எறும்பு வந்ததே கிடையாது. கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடைக்குப் பின்பக்கம் குடியிருந்தும் வாசற்படியில்கூட ஓர் எறும்பைப் பார்க்க முடியாது. அப்படி வைத்திருந்தேன்.

2004 சித்திரையில்தான் முதன்முதலாக எறும்பு வந்தது. என் மாமியார் சங்கரம்மாள் வளர்த்த பூனை, சிட்டு, கட்டிலடியில் மூத்திரம் பெய்து வைத்த இடத்தில் கறுப்பாக மொய்த்துக் கிடந்தது. சர்க்கரை நோய் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். காலையும் சாயங்காலமும் ஊசி. நார்ச்சத்துக்கு அரை ஸ்பூன் இசப்கோல் உமி, நிறையத் தண்ணீர் விட்டு மீனோடு குழைத்து. ஊசியை என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும்போதும் வந்த பிறகும் போட்டார். உமி குழைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தப் பிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீரை நக்கும், நாள் முழுக்கப் பெய்யும். வயிற்று மயிர் மூத்திரத்தில் ஊறிச் சடை பிடித்து, பக்கத்தில் போனாலே புளித்த பதநீர் வாடை. அதைத்தான் மாமியார் மடியில் போட்டுக்கொள்வார். அதே விரலால் சோறு பிசைவார். மூன்று மாதம் என் வீட்டில் நான் வயிறாரச் சாப்பிடவில்லை.

யோசித்தேன். தண்ணீர் குடித்தால்தானே பெய்யும்? கிண்ணத்தை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். உமிக்கும் தண்ணீர் விடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு முன்பே பார்த்திருந்தேன். கால் மணி நேரத்தில், கவிழ்த்தாலும் விழாத கட்டியாக இறுகியது. அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நான்கு ஸ்பூன் உமியைச் சாளைக் கருவாட்டுப் பொடியோடு சேர்த்து, நெய் விட்டு, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்தேன். தினமும் பிடித்தேன்.

ஊட்டியது மாமியார். கண்ணில் புரை அவருக்கு; தட்டைத் தடவித் தடவி எடுத்தார். சிட்டுக்கு நோய்ப் பசி, அத்தனையையும் விழுங்கியது.

"மருந்துல்லா, தின்னு தாயி," என்றார். மறுநாள், "ஏட்டி சீனித்தாயி, இதுக்குத் தண்ணி வச்சியா? நாக்கு காஞ்சு கெடக்கே," என்று கேட்டார்.

"வச்சிருக்கேன் அத்தை. குடிக்க மாட்டேங்குது."

நான்காம் நாள் வயிறு உப்பிக் கல் மாதிரி ஆயிற்று. சாணி நிறத்தில் கக்கியது. ஐந்தாம் நாள் காலையில் அவர் மடியிலேயே போய்விட்டது. பினாயில் ஊற்றி இரண்டு தடவை கழுவினேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

நீங்கள் அறுத்துப் பார்த்து, குடலில் உமிக் கட்டி என்று சொன்னதிலிருந்து மாமியார் சாப்பிடுவதில்லை. வலது கையை நீட்டி, "இந்தக் கைதான கொன்னுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்றோடு ஆறு நாள், கஞ்சிகூட இறங்கவில்லை. உருண்டை பிடித்தது யார், தண்ணீரை எடுத்தது யார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பிழைத்துக்கொள்வார் என்கிறீர்கள். சொல்லலாம். ஆனால் ஊட்டியது அவர்தானே? அதனால், "ஆமா அத்தை, ஒங்க கைதான்," என்றேன். பொய் பேசி எனக்குப் பழக்கமில்லை, டாக்டர்.