றோஸி நிக்கலஸ் கடைசியாக எழுதிய பதில்

மேடையில் இருக்கும் பணிப்பாளர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் திரு. மெல்ரோய் நிக்கலஸ் அவர்களே, டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்த தாதியரே, ஜிந்துப்பிட்டியிலிருந்தும் ஹெந்தளையிலிருந்தும் பஸ் ஏறி வந்த எங்கள் நோயாளிகளே! வைத்தியர் கிருபாகரனின் வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்தில் புகழ்ந்து பேச என்னை அழைத்தார்கள். புகழ்வேன். ஆனால் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

எங்கள் வைத்தியசாலையின் மருத்துவ நூலகர் திருமதி றோஸி நிக்கலஸ் யார்? புத்தகத்துக்கு முத்திரை குத்தியவரா? இல்லை! திங்கட்கிழமை தோறும் புதிய மருந்துச் செய்திகளை ஒரே பக்கத்தில் சுருக்கி வைத்தியர்களின் தேநீர் மேசையில் வைத்தவர். அதையே எளிய தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, நோயாளிகள் வரிசையில் நிற்கும் சுவரில் ஒட்டியவர். ஒருநாள் வாட்டில், எல்லோருக்கும் முன்னால், "டொக்டர், நீங்கள் எழுதினது பழைய அளவு. போன மாதம் மாத்திட்டாங்கள்" என்றார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. வீட்டுக்குப் போய் வாசித்தேன். அவர் சொன்னதுதான் சரி!

நீரிழிவுக்கு இன்சுலின் போடும் பேச்சியம்மா இங்கே இருக்கிறார். "சஷ்டி விரதம் இருந்தா ஊசி போடலாங்களா?" என்று அவர் கேட்டபோது நான் ஏசி அனுப்பினேன். கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை தவறாத கத்தோலிக்கப் பெண் றோஸி. அவர்தான் முருகனுக்கு இருக்கும் விரதத்துக்காக மூன்று நாள் தேடி, எந்த நேரம் சீனி பார்ப்பது, எப்போது விரதத்தை முறிப்பது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

வைத்தியரிடம் கேட்கப் பயந்தவர்களுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். நோயாளி தன் கேள்வியை றோஸியிடம் சொல்லலாம். பெயர் வேண்டாம். வயதும் நோய் வருத்தமும் போதும். றோஸி அதைத் தன் கையெழுத்தில் ஒரு காகிதத் துண்டில் எழுதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் கொண்டுவருவார். நாங்கள் கிறுக்கும் பதிலை நல்ல தமிழாக்கி அவர்களிடம் கொடுப்பார். "வருத்தத்தை மறைச்சா மருந்து என்ன செய்யும்? கேளுங்கோ!" இதை அவர் எத்தனை பேரிடம் சொன்னார்!

ஏப்ரலில் ஒரு துண்டு வந்தது. பெண், ஐம்பத்தேழு வயது. சதையியில், அதுதான் கணையத்தில், புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி என்ன செய்யலாம்? நான் சோற்றுக் கையோடு இருந்தேன். இடக்கையால் எழுதினேன்: "ஒன்றும் செய்வதற்கில்லை. ஐந்தாறு மாதம். வீண் அலைச்சல் வேண்டாம்."

றோஸி வாசித்தார். "சரி டொக்டர், அவவிட்டப் பக்குவமாச் சொல்லிவிடுறன்" என்றார்.

அந்த "அவ" யார் என்று இப்போது உங்களுக்கு விளங்குகிறதா?

கணவர் மெல்ரோயிடம் வெறும் கேஸ்ட்ரைடிஸ், வயிற்றுப்புண், என்றார். எங்களிடம் டயட் என்றார். மெலிந்துபோன மனுசியைப் பார்த்து, "நல்லா ஸ்லிம்மாயிட்டீங்கள்" என்று சிரித்த முட்டாள் நான்! றோஸி, இது துரோகம் இல்லையா? ஊருக்கெல்லாம் கேள் கேள் என்றீர்கள். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் இருந்த என்னிடம், அது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருப்பேனா?

அடக்கம் முடிந்த மறுநாள் மெல்ரோய் ஒரு ஃபைலைத் தந்தார். உள்ளே றோஸியின் ஸ்கேன் ரிப்போர்ட், என் துண்டு, அதன் பின்னால் றோஸி வழக்கம்போல் எழுதிய தமிழ்ப் பதில். தனக்குத்தானே எழுதியிருக்கிறார்! வாசிக்கிறேன்:

"அன்புள்ள அம்மா, உங்கள் கேள்வியை டொக்டர் நேரமெடுத்து யோசித்தார். நோயை மாற்ற மருந்து இல்லை என்பதில் அவருக்கு மிகவும் கவலை. வலியைக் குறைக்கலாம். வேறு கேள்வி இருந்தால் யோசிக்காமல் கேளுங்கள்."

சபையோரே, நான் நேரமெடுக்கவில்லை. கவலைப்படவில்லை. கறி ஆறிவிடும் என்று நினைத்தேன். எத்தனை வருடமாக எங்களுக்காக இப்படி எழுதினாரோ! தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டேனே, தெரியாத மற்றவர்களுக்கு அப்படி எழுதலாமா? முதலில் துரோகம் செய்தது யார்?

றோஸி இல்லையென்று நூலகத்தை மூட விடமாட்டோம். செய்திப் பக்கம் தொடரும், தாதி நதீஷா பொறுப்பெடுத்திருக்கிறார். கேள்விகளுக்கு நான் பொறுப்பு. வருகிற திங்கள் பத்து மணிக்கு றோஸியின் மேசையில் இருப்பேன். எதிரே ஒரு கதிரை போட்டிருக்கும். வந்து இருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் வாருங்கள்.