ஒரே டிரேயில் இரண்டு மருந்து

இரவு ஒன்றரை மணி. புத்தலப்பட்டைத் தாண்டி, திருப்பதி போகும் ரோடு. இருபுறமும் மாந்தோப்பு. எதிரில் ஒரு லாரிகூட இல்லை... ஒரே ஒரு ஆம்புலன்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே இருந்த நர்ஸ் தேவசேனா, என் ரூம்மேட் தாட்சாயணியின் கூடப்பிறந்த அக்கா. சித்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை. தொடர்ந்து மூன்றாவது நைட் டியூட்டி. கண் எரிந்தது. ஏய் சபீனா, கதை கேட்டுக்கொண்டே சிரிக்காதே... இது நிஜமாக நடந்தது.

ஸ்ட்ரெச்சரில் முனுசாமி என்ற விவசாயி. நுரையீரலில் நீர் கோத்து, கொதிக்கும் சோற்றுப்பானைபோல மார்பு களகளத்தது. மகன் பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்தான். கால்மாட்டு சீட்டில் ஒரு அம்மா, முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி. பெரியவரின் மனைவி என்று தேவசேனா நினைத்துக்கொண்டாள்.

முனுசாமியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நீர் இறங்க ஊசி போட்டாகவேண்டும். கிளம்பும் அவசரத்தில் வார்டு டிரேயிலிருந்து அள்ளிவந்த பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றை எடுத்து டக்கென்று கழுத்தை உடைத்தாள். மருந்தை இழுத்தாள். ஸ்பிரிட் வாசனை... அதற்கடியில் ஈரமண் வாசனை.

"யம்மா... அதுல இன்னா பேரு போட்டுக்கீது? படி." கால்மாட்டிலிருந்து அந்த அம்மாவின் குரல்.

"தெனம் போடற ஊசிதாம்மா."

"படி."

எரிச்சலோடு குப்பியை வெளிச்சத்தில் திருப்பினாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

வேறு மருந்து. ஆபரேஷன் தியேட்டரில், மூச்சுக்கு மெஷின் வைத்துக்கொண்டு போடுவது. ஏற்றியிருந்தால்... நினைவு இருக்கும்போதே மூச்சு நின்றிருக்கும்.

இழுத்த மருந்தைக் கொட்டிவிட்டு, சரியான குப்பியைத் தேடி எடுத்தாள். மூன்று முறை படித்துவிட்டுப் போட்டாள். நன்றி சொல்ல நிமிர்ந்தாள்.

சீட் காலி.

வண்டி எங்கேயும் நிற்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் தட்டினாள். "சின்னசாமியண்ணா! கூட வந்த அம்மா எங்க?"

"யாரும் ஏறலியேம்மா. நீயும் பெரியவரும்தான்."

அவளைப் பிடித்துக்கொண்டது வேறு பயம். அந்த டிரே வார்டிலேயே இருக்கிறது. அங்கே இன்னொரு நர்ஸ் ஷோபா தனியாக டியூட்டியில். இரண்டரை மணிக்கு இன்னும் நாலு பேருக்கு அதே ஊசி. போனை எடுத்தாள்... சிக்னல் இல்லை. அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். திருப்பதி விளக்குகள் தெரிந்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து. முனுசாமியின் மூச்சு சீராகியிருந்தது. அப்போதுதான் ஷோபாவின் செல்லுக்கு லைன் கிடைத்தது.

"ஷோபா! அந்த டிரேவைத் தொடாத!"

"தொடலக்கா. அஞ்சு குப்பி மாறிக் கெடந்துச்சு, எடுத்துத் தனியா வெச்சிட்டேன். நீ சொல்லித்தானே அந்தம்மா போன் பண்ணாங்க?"

"எந்தம்மா?"

"டியூட்டி ரூம் போன்ல... ஒவ்வொண்ணா எடுத்து பேரு படின்னாங்க." ஷோபாவின் குரல் தாழ்ந்தது. "இன்னும் லைன்லதான் கீறாங்க. வெக்கவே மாட்டேங்கறாங்க. அக்கா... இவ்ளோ நேரமா பேசிக்கினு கீறாங்க... நடுவுல ஒரு தபாகூட மூச்சு விடலக்கா."