பதினாலாவது பாத்தி

– அத மட்டும் புடுங்கிராத பார்கவி. களை இல்ல அது, கீரை. தானா மொளச்சு நிக்கு.

– நல்லவேளை சொன்னீங்க வேதமணிக்கா. கை ஏதோ நெனப்புல போகுதுங்க.

– காலையில இருந்தே அப்படித்தான் இருக்க. வெண்டைக்கு வேப்பெண்ண அடிச்சியா?

– அடிச்சுட்டேங்க. சோப்புத் தண்ணி கலந்து, இலைக்கு அடியிலயும் அடிச்சாச்சு. மாவுப்பூச்சி இன்னிக்குக் கம்மிதான். பீன்ஸ் கொடிக்குக் கயிறு கட்டிட்டேன். உரக்குழியக் கிளறிவிட்டா என்ற வேலை முடிஞ்சுது.

– அரே, நாளைக்கு ஊரக் காலி பண்ணிட்டுப் போறவளுக்கு இன்னைக்கு என்னத்துக்கு இவ்வளவு வேலை? சாமான் எல்லாம் கட்டியாச்சா?

– ஷ்யாம் கட்டீட்டு இருக்காரு. லாரி காலையில எட்டு மணிக்கு வருதாம். அங்க இருக்க முடியலீங்க்கா, இங்க வந்துட்டேன்.

– சரி, நானும் வாரேன். ஆளுக்கொரு பக்கமா கிளறுவோம். ஒன் பாத்திய பக்கத்துப் பாத்தி அலினாகிட்ட சொல்லிருக்கேன். தக்காளிக்குத் தண்ணி ஊத்த அவ ஒத்துக்கிட்டா. எதுக்குட்டி கண்ணத் தொடைக்க? கோயம்புத்தூர் என்ன சந்திரமண்டலமா? ரயிலேறினா வந்துரலாம்.

– அதுக்கு இல்லீங்க்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அஞ்சு வருசமா சொல்லாம வெச்சிருக்கேன். சொல்லாம என்னால ஊருக்குப் போக முடியாது.

– சொல்லு. கைய மட்டும் நிறுத்தாத.

– நம்ம அபார்ட்மெண்ட் சொசைட்டி கமிட்டிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சே, உரக்குழி நாறுதுன்னு. அதனால தோட்டத்தையே ரெண்டு மாசம் பூட்டி வெச்சாங்களே...

– மறக்குமா? வெண்டை அப்பத்தான் பூத்திருந்துச்சு. தண்ணி ஊத்த உள்ள விடல. கம்பிக்கு வெளிய நின்னு, வாடிப்போறதப் பாத்துட்டு இருந்தோம். மல்லிகா வேலியப் பிடிச்சுட்டு அழுதா.

– அவங்க அழுதத நான் ஜன்னல்ல நின்னு பாத்தேங்க்கா. அந்தக் கடுதாசி எழுதினது நான்தான்.

– அந்தக் கட்டிய ஒடச்சு விடு.

– ஏனுங்க்கா, ஒண்ணும் கேக்க மாட்டேங்கறீங்க? திட்டியாவது விடுங்க.

– இலை பத்தாது. ரயில்வே காலனி ரோட்டுல அள்ளிட்டு வந்தது ஒரு கூடை இருக்கு. அத எடுத்துப் போடு.

– அக்கா!

– கேட்டுட்டுத்தான் இருக்கேன். நீ சொல்லு.

– அப்ப பூனாவுக்கு வந்து நாலு மாசந்தான். மராத்தி தெரியாது, ஹிந்தியும் வராது. லிஃப்ட்டுல ஒருத்தர்கிட்டயும் பேசினதில்ல. இந்த நாத்தத்த யார்கிட்டப் போயி சொல்றதுன்னே தெரியல. இங்கிலீஷ்ல எழுதி, பேரு போடாம ஆபீஸ் டப்பாவுல போட்டுட்டேன். தோட்டத்தையே பூட்டுவாங்கன்னு சத்தியமா நெனைக்கல. அப்புறம் பாத்தா, நீங்களே வந்து பாத்தி தரேன்னு கூப்பிடறீங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயமாப் போச்சு.

– ம்.

– ஷ்யாம் டெங்குல படுத்தப்ப, பன்னண்டு நாளும் தோட்டத்து ஆளுங்க முறை வெச்சு ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டாந்தீங்க. ராமநாதன் சார் ரத்தம் குடுத்தாரு. மல்லிகாக்கா ரசத்த டம்ளர்ல ஊத்தி என்ற கையில குடுக்கறாங்க. இவங்க பாத்தியவா காய வெச்சோம்னு இருந்துச்சுங்க.

– எனக்குத் தெரியும்ட்டி.

– என்ன தெரியும்?

– எழுதினது நீதான்னு. கமிட்டியில அந்த லெட்டர என் கையிலதான் குடுத்தாவ. பேரு இல்ல, சரி. ஆனா பால் காய்ச்சையில அடுப்படி ஜன்னலத் திறக்க முடியலன்னு எழுதியிருந்தியே. குழியப் பாத்தாப்புல இருக்க அடுப்படி இந்த பில்டிங்லயே ஒண்ணுதான்.

– தெரிஞ்சேதான் வந்து கூப்பிட்டீங்களா?

– மொத நாளு கூப்பிடவா வந்தேன்? நல்லா நாலு வார்த்த கேக்கணும்னுல்லா படியேறுனேன். நீ கதவத் திறந்த. நான் தமிழ்னு தெரிஞ்சதும் பச்சப்புள்ள கணக்கா சிரிச்ச. அடுப்படி வரைக்கும் கூட்டிட்டுப் போயி தண்ணி குடுத்த. அப்ப வந்துச்சு பாரு, ஜன்னல் வழியா ஒரு வாடை! எனக்குக் கொமட்டிருச்சு.

– அய்யோ, அக்கா...

– நாங்க குழிப் பக்கத்துலயே நின்னு மூக்கு மரத்துப்போச்சு. சமையக்கட்டுக் கழிவா கொட்டினோமே தவிர, காஞ்ச இலை ஒரு பிடி போட்டதில்ல. நீ எழுதினது அம்புட்டும் நெசம். தண்ணியக் குடிச்சேன், ஒண்ணும் பேசாம எறங்கிட்டேன். கமிட்டியில கெஞ்சி ரெண்டு நாள் சாவி வாங்கி, குழியத் தோண்டி, அடுக்கடுக்கா இலை போட்டோம். வாடை போச்சு, பூட்டும் போச்சு. அதுக்கப்புறம் ஒரு பாத்தியாவது சோடை போயிருக்கா? பக்கத்து சொசைட்டிக்காரங்க வந்து நம்ம குழியப் பாத்துட்டுப் போறாங்க. நாங்கல்லா ஒனக்கு நன்றி சொல்லணும்.

– இப்படிப் பேசினா நான் என்னங்க்கா பண்ணுவேன்... ஒரே ஒரு உதவி பண்ணுங்க. சாயங்காலம் எல்லாரும் என்னை வழியனுப்ப இங்க வராங்க. மல்லிகாக்காவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். ராமநாதன் சாருக்கும். தெரிஞ்சா அவங்க மூஞ்சிய என்னால பாக்க முடியாது.

– ஏட்டி பார்கவி, ஒனக்குப் பாத்தி குடுக்கலாமான்னு இதே எடத்துல வச்சுத்தான் எல்லார்ட்டயும் கை தூக்கச் சொன்னேன். லெட்டர் எழுதின புள்ள இவதான்னு சொல்லிட்டுத்தான் கேட்டேன். பதிமூணு பேரும் தூக்கினாங்க. மொதல்ல தூக்கினது மல்லிகா.