இரண்டு வெட்டுள்ள கிளிப்

துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்புக்கு வெயில்தான் எமன். ஒரே கோடையில் வெளிறி, விரல் பட்டதும் ஒடிந்துவிடும். தண்ணீர் அதை ஒன்றும் செய்வதில்லை. உங்கள் மேசைமேல் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தச் சிவப்புக் கிளிப் எங்கள் மாடிக் கொடியில் இருந்தது. அதன் ஒரு காலில் இரண்டு வெட்டுகள் இருக்கும், தடவிப் பாருங்கள். என்னுடையதில் ஒரே வெட்டு. இரண்டையும் பிளேடால் கீறியவன் என் மைத்துனன்தான்.

விபத்து என்று வழக்கை நீங்கள் எழுதி முடித்ததில் நான் குறை காணவில்லை, ஐயா. உங்களுக்குக் கிடைத்ததை வைத்துப் பார்த்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். அதில் ஒரே ஒரு வரி தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இருட்டும் இடுக்கும் எனக்குப் புதிதல்ல. மைத்துனன் மருத்துவமனையில் நர்ஸ். என் மனைவிக்கு ஒரே தம்பி. யாரிடம் பேசினாலும் தோளிலோ கையிலோ தொட்டுத்தான் பேசுவான். குகைக்குள் நீந்தும் ஆசை முதலில் எனக்குத்தான் வந்தது. கடலில் முக்குளிப்பவர்கள் மீன், பவளம் என்று அடுக்குவார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். யாரும் என்னிடம் பேச முடியாத ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் தனியாகப் போகக் கூடாது என்பது அங்கே முதல் விதி. அதனால் அவனைச் சேர்த்துக்கொண்டேன்.

குளத்தடியில் இருக்கும் குகைவாயிலிருந்து உள்ளே ஒரு கயிறு ஓடும். போக வர அதுதான் வழி. கயிறு பிரியும் இடத்தில், தான் வந்த பக்கத்துக் கயிற்றில் அவரவர் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டுப் போக வேண்டும். தரையில் படிந்திருக்கும் சேறு மாவு போன்றது. ஒருமுறை கலங்கினால் விளக்கு இருந்தும் குருடுதான். அப்போது கயிற்றைத் தடவி, கிளிப் இருக்கும் பக்கம் திரும்பினால் வெளியே வந்துவிடலாம். அடுத்தவர் கிளிப்பை யாரும் தொடமாட்டார்கள். அடுத்தவர் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுக்கக் கூடாது என்று எங்கேனும் எழுதி வைத்திருக்கிறார்களா, அதுபோலத்தான்.

கலங்கிய நீரில் பின்னால் வருபவர் முன்னால் போகிறவரின் கையைப் பிடித்துக்கொள்வார். முன்பக்கம் ஒரு தள்ளு என்றால் 'போ'. பின்பக்கம் ஓர் இழுப்பு என்றால் 'நில்'. பேச்சு இவ்வளவுதான். நான் கற்ற மொழிகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

முதல் தடவை அவன் கொடியிலிருந்து கிளிப்புகளை உருவியபோது என் மனைவி சத்தம் போட்டாள். "ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள போயி துணி காயப்போடப் போறீங்களாடா?"

"உன் வீட்டுக்காரரைத்தான்க்கா காயப்போடப் போறேன். நல்லா உலர்த்தி, மடிச்சு, பத்திரமா கொண்டாந்து தந்துடுறேன்," என்றான்.

சொன்னபடியே செய்தான். தொடக்க நாட்களில் ஒருமுறை, குறுகலான ஓரிடத்தில் என் முதுகிலிருந்த காற்றுச் சிலிண்டரின் தலை கயிற்றில் சிக்கிக்கொண்டது. திமிறினேன். காற்றுக்குழாயை நானே வாயிலிருந்து பிடுங்கி எறிந்தேன் என்று பிற்பாடு சொன்னான். எனக்கு நினைவில்லை. தன்னுடையதை என் வாயில் திணித்து, சிக்கை விடுவித்து, என்னை முன்னால் விட்டு, என் கையைப் பிடித்துத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்து சேர்த்தான். கரையில் வாந்தி எடுத்தேன். என் முகத்தைக் கழுவிவிட்டான். புறங்கையில் இரண்டு தட்டு தட்டினான். "ஒண்ணுமில்ல அத்தான். இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். நாலு பேர் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், தீர்ந்துவிடும். இவன் காப்பாற்றினான், பிறகு காப்பாற்றியதையும் காப்பாற்றினான். அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள், "எப்படிப் போச்சு?"

"அத்தான் சூப்பர்க்கா," என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தான்.

அதன்பின் ஒவ்வொரு முறையும், நீரில் இறங்குமுன் விளையாட்டுபோல என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பான். "வண்டி கண்டிஷன்லதான் இருக்கு, கிளம்பலாம்." திரும்பும்போது எப்போதும் என்னை முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் வருவான், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவனைப் போல. இன்னொன்றும் உண்டு. குகைக்குள் யார் வேண்டுமானாலும் கட்டைவிரலை உயர்த்தலாம். உயர்த்தினால் எல்லாரும் திரும்பியாக வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. என் மூச்சு கொஞ்சம் வேகமானாலே அவன் கட்டைவிரல் எழுந்துவிடும். கரையேறியதும் மற்றவர்களிடம், "எனக்குத்தான் காது வலிச்சுதுப்பா," என்பான். இப்படியே, குகை முடியும் இடத்திலுள்ள கடைசிக் கூடத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பின்னால் பயிற்சியில் சேர்ந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டு வந்தார்கள்.

எங்கள் பயிற்சியாளர் அடிக்கடி சொல்வார். "ஆழமாப் போறது அனுபவம் இல்லப்பா. திரும்பத் தெரியணும், அதான் அனுபவம்." எனக்குத் திரும்ப மட்டுமே வாய்த்தது. அதுவும் இன்னொருவன் திருப்பி.

அங்கே கயிறு பிரியும் இடத்தில் இடப்பக்க வழிக்குக் 'காலுறை' என்று பெயர். போகப் போகக் குறுகும். முதுகில் சிலிண்டரோடு உள்ளே நுழையலாம், திரும்ப இடமிருக்காது. வெளியே வரும் வழியிலும் அதுபோல ஓர் இடுக்கு இருப்பதால், கண் தெரியாத நேரத்தில் தொடக்கத்தில் வித்தியாசம் புலப்படாது.

கடைசியாகப் போன அன்று அவன் முன்னால் போனான். கயிறு பிரியும் இடத்தில் தன் கிளிப்பை மாட்டிவிட்டு வலப்பக்கம் நீந்தினான். நான் என்னுடையதை மாட்டினேன். பிறகு அவனுடையதைக் கழற்றிக் காலுறையின் கயிற்றில் மாட்டினேன். சின்ன வேலை. திருகாணி ஒன்றை இடம் மாற்றுவதுபோல இருந்தது.

கடைசிக் கூடத்தை அன்று பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. அவன் கட்டைவிரலை உயர்த்தியதும், நீ முன்னால் போ என்று சைகை காட்டினேன். கண்ணாடிக்குள் அவன் கண்கள் சுருங்கின. சந்தோஷப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன், அத்தான் தேறிவிட்டார் என்று. அவன் திரும்பியதும் என் கால் துடுப்புகளைச் சேற்றில் ஊன்றி உதைத்தேன். எல்லாம் மறைந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிரியும் இடம் வந்தது. அவன் காலுறைக்குள் போனான். நான் கையை விட்டுவிட்டு, ஒற்றை வெட்டுள்ள என் கிளிப்பைத் தடவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கரையில் உட்கார்ந்தேன். அவனிடம் இன்னும் நெடுநேரத்துக்குக் காற்று இருக்கும் என்று தெரியும். சிக்கனமாக மூச்சு விடுகிறவன். குளத்தில் குமிழி எதுவும் வரவில்லை. உள்ளே விடும் மூச்சு குகையின் கூரையிலேயே தங்கிவிடும். நல்ல வெயில். கால் விரல்களை உலர்த்தினேன். இனிப் போதும் என்று தோன்றியபோது போன் செய்தேன்.

தேடப் போனவர்கள் அவனைக் காலுறையின் முடிவில் கண்டார்கள். அவன் கிளிப் தவறான கயிற்றில் இருந்ததையும் பார்த்தார்கள். தேர்ந்தவனுக்கும் கை தவறும் என்றார் பயிற்சியாளர். நானும் தலையாட்டினேன். அதோடு முடிந்திருக்கும்.

என் மனைவிதான் உங்களிடம் சொல்லியிருக்கிறாள், உடன் போனவர் பயந்துபோய் வெளியே வந்துவிட்டார் என்று. நீங்களும் அப்படியே எழுதிவிட்டீர்கள். வீட்டில் தம்பியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து முதுகைத் தடவினாள். "நீங்க என்ன பண்ணுவீங்க. பயந்து போயிருப்பீங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." அதே கை. அதே வார்த்தை. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் சிலிண்டர் சிக்கிய அன்று நடந்ததை அவளிடம் மட்டும் சொல்லியிருப்பானோ? கேட்க ஆளில்லை.

அந்தப் பிரியும் இடத்தில் நடந்ததை நான் முழுதாகச் சொல்லவில்லை. அவன் உடனே காலுறைக்குள் போய்விடவில்லை, ஐயா. நின்றான். காலுறையின் கயிறு மற்றதைவிடக் கொஞ்சம் மெல்லியது. கைக்குழந்தைக்கும் நரம்பு தேடி ஊசி போட்ட விரல்கள் அவை. கிளிப் ஒன்று சொன்னது, கயிறு வேறொன்று சொன்னது. தன்னைப் பிடித்திருந்த என் கையைத் தொட்டான். என்னைக் கேட்டான்.

நான் முன்பக்கம் ஒரு தள்ளு தள்ளினேன்.

உடனே அவன் என் புறங்கையில் இரண்டு தட்டு தட்டினான். ஒண்ணுமில்ல அத்தான். அப்புறம்தான் போனான். நான் பயந்துபோய் அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்திருக்கிறான்.

நான் பயப்படவில்லை. மூச்சு சீராக இருந்தது, கை நடுங்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி எழுதிவிடுங்கள். மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும்.