வெள்ளிமலையில் அன்றைக்கு ஒரே வண்டி

அரக்குச் சிவப்பு எனக்கு எடுப்பாக இருக்கும். இதை நானாகச் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டிய பெண்ணே சொன்னாள்: “ஆன்ட்டி, உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு.” அதனால் என் மருமகளின் வளைகாப்புக்கு அந்த நிறத்தில் பட்டு எடுத்தேன். எனக்குத்தான். ராதிகாவுக்கு அவள் அம்மா வீட்டில் மாம்பழ மஞ்சளில் எடுத்திருந்தார்கள். சுமார்தான்.

இன்ஸ்பெக்டர் மேடம், வளைகாப்பு அன்று நடந்ததை மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள். முன்கதை இல்லாமல் அதை மட்டும் சொன்னால் நான் ஏதோ கெட்டவள் மாதிரி தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் ரைட்டரையும் நிதானமாக டைப் அடிக்கச் சொல்லுங்கள். பெயர் செந்தமிழ்ச்செல்வி. வயது ஐம்பத்திரண்டு, பார்த்தால் தெரியாது. ரிஷிவந்தியம் பக்கத்தில் ஏழு ஏக்கர் கரும்பு. கணவர் செல்லமுத்து. ஒரே மகன் கலையரசன். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கி மில்லுக்கு அனுப்புகிற வேலை அவனுக்கு. ராதிகா வெள்ளிமலையில் டீச்சர். இருவரும் அங்கேயே வாடகை வீட்டில் இருந்தார்கள். பெற்ற தாயைச் சமவெளியில் விட்டுவிட்டு மலையேறிப் போனார்கள் என்றும் சொல்லலாம். நான் சொல்லவில்லை. எனக்குக் குறை சொல்லிப் பழக்கமில்லை.

எனக்கு மயக்கம் வரும். நாத்தனார் ஆண்டாளின் மகளுக்குக் காது குத்தியபோது வந்தது. கொழுந்தன் புதுவீட்டில் பால் பொங்கும் நேரத்தில் வந்தது. கலையரசன் கல்யாணத்தில், தாலி கட்டும் நிமிஷத்தில் வந்தது. அந்த வீடியோவை நீங்கள் பார்க்க வேண்டும். மண்டபமே என் பக்கம் திரும்பியிருக்கும். தாலி கட்டியதை மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர் ஆகிய மூன்று பேர்தான் பார்த்தார்கள். சட்டப்படி அது செல்லுமாம்.

“இன்னாடி இது, சாவு வூட்ல மட்டும் நீ விழுந்ததே இல்லியே?” என்று என் கணவர் ஒருமுறை கேட்டார்.

“அங்கதான் ஏற்கெனவே ஒருத்தர் படுத்துக்கினு இருக்காரேண்ணா” என்றாள் ஆண்டாள். அவளுக்கு நாக்கு நீளம்.

தனியாக இருக்கும்போது எனக்கு ஒருநாளும் தலை சுற்றியதில்லை. இது ஒரு முக்கியமான அறிகுறி. எந்த டாக்டரும் இதை எழுதிக்கொள்ளவில்லை.

போன வாரம் நீங்கள் என்னை அனுப்பினீர்களே, அந்த மனநல டாக்டர் மட்டும் எழுதிக்கொண்டார். சின்ன வயசு. முப்பது கேள்வி கேட்டார். தன்மோக ஆளுமைக் கோளாறு என்று ஒன்று இருக்கிறதாம். ஆம்பளைக்கு வந்தால் ஊரெல்லாம் தன்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டு திரிவானாம், சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாமாம். பொம்பளைக்கு வந்தால் தெரியாதாம். அவள் தியாகம் செய்வாளாம், நோயில் படுப்பாளாம், ‘உங்களுக்காகவே தேஞ்சு போனேன்’ என்பாளாம். வீட்டில் இன்னொருத்திக்கு ஒரு நல்லது நடந்தால் தாங்கமாட்டாளாம். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். அப்படிப்பட்ட பெண்களை எனக்கும் தெரியும். நான் பெருமை அடித்ததே இல்லை. அடக்கத்தில் எங்கள் ஊரில் எனக்கு நிகராக ஒருத்தி கிடையாது.

சரி, அன்றைக்கு வருகிறேன்.

ராதிகாவுக்கு ஒன்பதாம் மாதம். ரத்த அழுத்தம் ஜாஸ்தி. மலை ரோட்டில் குலுங்கி இறங்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் வளைகாப்பை வெள்ளிமலையிலேயே வைத்தார்கள். ஆக, ஒருத்தியின் ரத்த அழுத்தத்துக்காக நாற்பது பேர் வேன் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டே மலையேறினோம்.

மண்டப வாசலில் பெரிய பேனர். ராதிகா ஆளுயரத்துக்குச் சிரித்தாள். கீழே வரவேற்கிறவர்கள் வரிசையில் பதினாறு தலைகள். பதினொன்றாவது நான். என் ஆதார் அட்டைப் படத்தை எடுத்துப் போட்டிருந்தான் மகன். ஆதார் படத்தில் யாரும் நன்றாக இருப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்ற பதினைந்து பேருக்கும் வேறு படம் கிடைத்திருக்கிறது.

முதல் வளையலை மாமியார் போடுவதா, தாய் போடுவதா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை போடுகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அங்கே ராஜாம்பாள் டீச்சர்தான் போட்டார். கணக்கில் நான் நான்காவது. பிறகு ராதிகா மைக்கைப் பிடித்து நன்றி சொன்னாள். டீச்சரைச் சொல்லி அழுதாள். அம்மாவைச் சொல்லி அழுதாள். கடைசியில், “எங்க அத்தையும் வந்திருக்காங்க” என்றாள். வந்திருக்கிறேனாம். பந்தியில் உட்கார வந்தவள் மாதிரி.

சந்தனம் பூசி முடிந்ததும் புடவை மாற்ற உள்ளறைக்குப் போனாள். என்னைத்தான் கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அத்தை, தல பொளக்குற மாதிரி வலிக்குது. கண்ணு வேற மங்கலா இருக்கு. இப்டி ஆனா ஒரு நிமிஷம் கூட வச்சிக்கினு இருக்கக் கூடாது, நூத்தெட்டு வண்டிக்குச் சொல்லிடுன்னு நர்ஸக்கா சொன்னாங்க. ஃபிட்ஸ் வந்துடுமாம். என் போனு வெளிய போட்டோ எடுக்குறவங்ககிட்ட மாட்டிக்கிச்சு. அவர்கிட்ட சொல்லுங்க அத்தை.”

“சொல்றேன் கண்ணு. நீ படு” என்றேன். தலையணையைச் சரிசெய்து கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தேன். கலையரசன் பந்தியில் புளிசாதம் பரிமாறிக்கொண்டிருந்தான். அவனிடம் போவதற்கு மொத்தம் இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியில் நான் நினைத்ததைச் சொல்கிறேன். இதைப் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? இலையில் கை வைத்தவர்கள் எல்லாம் எழுந்திருப்பார்கள். ராஜாம்பாள் டீச்சர் ஓடுவார். அவள் அம்மா அலறுவாள். காலையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சாயங்காலம் வரைக்கும் அவளையே பார்ப்பார்கள். ஒரு மனுஷிக்கு ஒரே நாளில் எவ்வளவுதான் வேண்டும்? நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

பதினைந்தாவது அடியில் எனக்கு நெஞ்சு வலித்தது.

விழுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. புடவை கலையக் கூடாது. நல்ல இடமாகப் பார்த்து, சாம்பார் வாளி இல்லாத பக்கம் சாய்ந்தேன். அத்தனை பேரும் எழுந்தார்கள். “ஐயோ, செல்விக்கா!” என்று முதலில் கத்தியது கொழுந்தன் மனைவி குஞ்சம்மாள். கலையரசன் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்கு ஆறு வயதுக்குப் பிறகு அவன் என்னை அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை.

அன்றைக்கு மலைமேல் ஒரே ஒரு நூற்றெட்டு ஆம்புலன்ஸ்தான் இருந்தது. இன்னொன்று வேறு கேஸுக்காகக் கீழே இறங்கியிருந்தது. ஏழு நிமிஷத்தில் வந்துவிட்டார்கள், குறையே சொல்ல முடியாது. வண்டியில் வந்த ஜீவா என்ற பெண் கேட்டாள்:

“அம்மா, கண்ணத் தொறங்க. வலி எந்தப் பக்கம்?”

“எல்லாப் பக்கமும்.”

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அறைக்கதவு திறந்த சத்தம் கேட்டது. ராதிகா வந்து நின்றாள். தனக்கு வந்த வண்டி என்றுதான் நினைத்து எழுந்து வந்திருப்பாள். நான் கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கலையரசனிடம் சொன்னாள்:

“நீங்க அத்தகூட போங்க. எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்.”

‘எனக்கு’ என்றால் என்ன என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அந்த நேரத்திலும் நல்லவள் என்ற பெயரை அவள்தான் வாங்கிக்கொண்டாள், கவனித்தீர்களா?

கள்ளக்குறிச்சி வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். இ.சி.ஜி. எடுத்தார்கள், இருபது வயதுப் பெண்ணுடைய இதயம் மாதிரி இருக்கிறது என்றார்கள். அங்கே மேலே, நாங்கள் கிளம்பிய அரை மணி நேரத்தில் ராதிகாவுக்கு வலிப்பு வந்திருக்கிறது. வண்டி இல்லை. கிழங்கு ஏற்றுகிற டாட்டா ஏஸில், சாக்கின் மேல் அவளைப் படுக்கவைத்து, ராஜாம்பாள் டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். வழியில் இன்னும் இரண்டு முறை வலிப்பு. பத்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து அவள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை, என் ஜாடை என்றார்கள்.

அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரி வராண்டாவில் நூறு பேராவது வந்து போயிருப்பார்கள். ஒருவர் கூட, “உங்க நெஞ்சு வலி இப்ப எப்டி இருக்கு?” என்று கேட்கவில்லை. பெற்ற மகனும் கேட்கவில்லை. பேரனை அடக்கம் செய்துவிட்டு வந்தவன் வேறு ஒன்று கேட்டான். அவளுக்கு நினைவு திரும்பியதும் சொல்லியிருக்கிறாள்.

“உன்கிட்ட சொன்னேன்னு சொல்றா. சொன்னாளா, இல்லியா? அத மட்டும் சொல்லும்மா.”

“அவளுக்குக் கண்ணே மங்கலா இருந்துச்சு. யாருகிட்ட சொன்னாளோ” என்றேன்.

கண் மங்கிய விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. நேராக இங்கே வந்து உங்களிடம் புகார் எழுதிக்கொடுத்துவிட்டான். படித்த பிள்ளை.

நீங்களும் மூன்று நாளாக அதையே கேட்கிறீர்கள். தெரிந்தேதான் செய்தாயா, பயத்தில் மறந்துபோனாயா? மறந்துவிட்டேன் என்று சொன்னால் கேஸ் லேசாகிவிடும் என்று வக்கீல் சிவசங்கர் சொல்கிறார். எனக்கு ஞாபகமறதி கிடையாது. எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி இரண்டாவது வளைவு இறங்கும்போது கலையரசன் என் காதருகே குனிந்தான். “அம்மா, ராதிகா மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. உன்கிட்ட எதுனா சொன்னாளா? சொல்லு, வண்டியத் திருப்பச் சொல்றேன். அவளையும் ஏத்திக்கினு போயிடலாம்.”

திருப்பினால் பத்து நிமிஷம். எனக்குத் தெரியும். வலிப்பு வரும் என்பதும் தெரியும், அவள்தான் சொல்லியிருந்தாளே. பிள்ளை போய்விடலாம் என்பதும், அவளே போய்விடலாம் என்பதும் தெரியும். திரும்பினால் அவளைப் படுக்கவைத்து என்னை உட்காரவைப்பார்கள் என்பதும் தெரியும். என் மகனுடைய இரண்டு கையும் அப்போது என் கையில் இருந்தது.

“ஒண்ணுஞ் சொல்லல கண்ணு. நீ என் கைய வுடாத” என்றேன்.

மன்னிப்புக் கேள் என்கிறார் என் கணவர். எதற்கு? முப்பது வருஷம் அந்தக் குடும்பத்துக்காகத் தேய்ந்தவள், ஒரே ஒரு மதியம் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் போடுகிறேன்.

கோர்ட்டிலும் இதையே சொல்வேன், ஒரு வார்த்தை மாற்றமாட்டேன். பத்திரிகைக்காரர்கள் வந்தாலும் வரட்டும். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள் மேடம். நான் கூண்டில் ஏறிப் பேசுகிற அன்றைக்கு ராதிகாவை வரச்சொல்லாதீர்கள். அவள் வந்தால் எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள்.