உண்மைபோலவே நடித்தமைக்காக

ஒலிவாங்கியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அந்த முழக்கத்தை மறுபடி ஒருமுறை சுருக்கமாக அரைமணி நேரம் சொன்ன செயலாளர் அவர்களே! பரிவோடு கேட்பது எப்படி என்று மூன்று நாளும் தாமே பேசிய பயிற்சியாளர் அவர்களே! முன்வரிசையில் பூங்கொத்தும் புன்னகையுமாக வீற்றிருக்கும் தொண்டர்களே! மூட்டுவலியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எல்லோரையும் ஒரே மூச்சில் வணங்குகிறேன்.

என் முகம் உங்களுக்குப் புதிது, குரல் பழையது. பேருந்து நிலையத்தில், "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று நாள்தோறும் கூவுகிறேனே, அந்தக் குரல்தான் இது. இந்தக் குரலைக் கேட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடாதவர் இந்த அரங்கில் உண்டா?

என்னம்மா கேட்கிறீர்கள்? "வீட்டுக்காரர் வரலையா?" வரவில்லை, தாயே. மூன்றாவது மாடியில், சட்டை மாட்டி, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதர். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. காலில் பலம் கிடையாது. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் இயந்திரம் அடுத்தவருக்குப் போய்விடும். அப்படிப் போனால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்கு மேல் நான் சொல்ல விரும்பவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்காகப் பிறந்ததுதான் உங்கள் அமைப்பு! நால்வர் வருவார்கள். நாற்காலியோடு தூக்குவார்கள். "சுவரு, சுவரு!" என்பார் ஒருவர். "மெதுவா, வளைவு வருது!" என்பார் இன்னொருவர். அவர்கள் பேசிய தமிழ் அவ்வளவுதான். இறக்கி வைத்தார்கள், வியர்வையைத் துடைத்தார்கள், போனார்கள். யாராவது குறை சொன்னோமா?

சொல்லவில்லை. ஆனாலும் தொண்டர்களுக்குத் திறன் போதாது என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. பயிற்சியாளர் வந்தார். படம் காட்டும் கருவி வந்தது. சுவரெங்கும் மஞ்சள் தாளும் பச்சைத் தாளும் ஒட்டப்பட்டன. பயிற்சியின் பெயர், "பரிவோடு கேட்போம்." தூக்கும் தோள்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்து கேட்கத் தொடங்கின.

அதுவரை நான் உங்களைக் கூப்பிட்டதில்லை. என் வீட்டுக்காரரைத் தூக்கியவர்கள் என் தம்பியும் எதிர்வீட்டுக்காரரும். பயிற்சி நடந்த அன்று தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். ஓடினேன். மூச்சிரைக்க ஓடி, உங்கள் கூடத்துக் கதவைத் திறந்து, "ஐயா, என் வீட்டுக்காரரு மூணாவது மாடியில இருக்காரு. டயாலிசிஸுக்குப் போகணும். நாலு பேர் வந்து இறக்கி விடுங்கய்யா" என்றேன்.

அடுத்த நொடி அனைவரும் கைதட்டினார்கள்!

ஏன் தட்டினார்கள்? உதவி கேட்டு வருபவரைப் போல நடித்துக் காட்ட ஒரு நடிகையை ஏற்பாடு செய்திருந்தாராம் பயிற்சியாளர். அந்த அம்மையார் வேறு பேருந்தில் ஏறி வேறு ஊருக்குப் போய்விட்டார். அன்று எனக்கு விடுமுறை. பேருந்தை மாற்றி அறிவித்தது வேறு ஆள். சிரிக்காதீர்கள், என் விடுமுறையால் எனக்கே வந்த வினை அது.

"பாத்தீங்களா, குரல்ல என்ன ஒரு தவிப்பு!" என்றார் பயிற்சியாளர். "சரி, ஒவ்வொருத்தரா கருத்துச் சொல்லுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். "கைய இன்னும் கொஞ்சம் பிசைஞ்சிருக்கலாம்."

தண்ணீர் கேன் போடும் அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு நம்பிக்கை வரல சார். நெசமாவே கஷ்டப்படுறவங்க இவ்வளவு திருத்தமா பேச மாட்டாங்க."

"நான் நெசமாத்தான் சொல்றேன்!" என்று கத்தினேன். அதற்கும் கைதட்டல்! மறுபடி வாசலிலிருந்து வரச் சொன்னார்கள். இம்முறை அழுதுகொண்டே வர வேண்டுமாம். வந்தேன், அழுகை தானாக வந்தது. அழுகை செயற்கை என்றார்கள். மூன்றாம் முறை கோபத்தோடு வரச் சொன்னார்கள். அதற்கு எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. அதுமட்டும் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

கடிகாரம் ஓடுகிறது. கணவர் காத்திருக்கிறார். கதறினால் கைதட்டுகிறார்கள். நான் என்ன செய்வேன்? நிலையத்துக் குரலை எடுத்தேன். "தொண்டர்களின் அன்பான கவனத்திற்கு! அடுத்தது களப்பயிற்சி. அனைவரும் என் பின்னால் வரவும்!" என்றேன். வந்தார்கள், ஐயா! மொத்தக் கூட்டமும் தாளும் பேனாவுமாகத் தெருவில் என் பின்னால் வந்தது.

வீட்டுக்காரர் மிரண்டுபோனார். "யாருடி இவங்கெல்லாம்? ஊர்வலமா?"

"நோயாளி எரிச்சலைக் கொஞ்சம் கூடுதலா காட்டுறாரு. குறைச்சுக்கோங்க சார்" என்றார் பயிற்சியாளர்.

"யோவ், நீ குறைச்சுக்கய்யா!"

மிகை நடிப்பு என்று குறித்துக்கொண்டார் கண்ணாடிக்கடைக்காரர். ஆனால் நாற்காலியில் கை வைத்ததும் பாருங்கள், நால்வரும் பழைய நால்வர் ஆனார்கள்! சுவரில் இடிக்கவில்லை, வளைவில் தடுமாறவில்லை. பாதிப் படியில் மட்டும் பயிற்சியாளர் கையை உயர்த்தினார். "அப்படியே நில்லுங்க. இந்த நொடியில நீங்க என்ன உணர்றீங்க?"

தண்ணீர் கேன் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தோள்பட்டை கழண்டுரும்னு உணர்றேன் சார்."

மருத்துவமனைவரை வந்தது கூட்டம். இயந்திரம் இன்னும் கைமாறவில்லை. செவிலியர் ஊசியைக் குத்தினார். குழாயில் சிவப்பு ஓடியது. "சாயத்தண்ணி எவ்வளவு இயல்பா இருக்கு!" என்று வியந்தார் கண்ணாடிக்கடைக்காரர். செவிலியர் திரும்பிப் பார்த்தார். "சாயமா? ரத்தம்யா அது!"

பயிற்சியாளர் பேயறைந்தது போல் நின்றார். பிறகு நிற்கவும் இல்லை. அவரைப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். தண்ணீர் கேன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கி, "அக்கா... நீங்க நெசமான ஆளா?" என்றார்.

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை, பெரியோர்களே! எனக்குப் பேச வந்தது. அதனால் நடிப்பு என்றீர்கள். பேச வராதவர் வந்திருந்தால்? வாய் குழறுபவர் வந்திருந்தால்? வாசலில் நின்று, கூச்சப்பட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறவர் வந்திருந்தால்? அவருக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காதில் விழுந்தது காலுக்குப் போக வேண்டாமா? கைக்குப் போக வேண்டாமா? உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைவிட நன்றி உண்டு. அன்றிலிருந்து ஒரு முறைகூடத் தவறாமல் அவரைத் தூக்குபவர்கள் நீங்கள்தான்.

இன்று எனக்கு "உண்மைபோலவே நடித்தமைக்காக" என்று சான்றிதழ் தந்திருக்கிறீர்கள். வேறு பிரிவு இல்லையாம், அச்சடித்தும் ஆகிவிட்டதாம். பெற்றுக்கொண்டேன்.

தலைவரே, கையைக் காட்டுகிறீர்கள், நிதானமாகப் பேசலாம் என்று. என்னால் முடியாது. இன்றும் டயாலிசிஸ் நாள். ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய விழா இது. நாற்காலி தூக்கும் நால்வரும் இதோ முன்வரிசையில் பூங்கொத்தோடு இருக்கிறார்கள். அவர் மேலே தனியாகக் காத்திருக்கிறார். இப்போது கிளம்பினால்தான் இயந்திரம் கிடைக்கும். எழுந்திருங்கள்!

ஐயோ, கைதட்டாதீர்கள்! இது பேச்சின் முடிவு அல்ல. அண்ணே, நெசமாத்தான் சொல்றேன். பூவைக் கீழே வைங்க. வாங்க!

எழுந்துவிட்டார்கள்... எழுந்துவிட்டார்கள்! வழிவிடுங்கள் தாய்மார்களே, வழிவிடுங்கள். மிச்சமிருக்கும் நன்றியைப் படியிறங்கி வந்து சொல்கிறேன். எல்லோருக்கும் வணக்கம்!